பிக்கப்ல பிரேக் பேடும் டிஸ்க்கும் ஏன் இவ்ளோ சீக்கிரம் தேயுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது பேட் போட்டு கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள மறுபடியும் கீச்சு கீச்சுனு சத்தம், டிஸ்க்ல விரல் வச்சா கோடு கோடா பள்ளம், ஒர்க்‌ஷாப்ல கேட்டா "லோடு வண்டின்னா அப்படித்தான் சார்"ங்கறாங்க. அப்படித்தான் இல்ல. பேட் தேயறது நியாயம், ஆனா காலத்துக்கு முன்னாடி தேயுதுன்னா எங்கயோ ஒண்ணு சரியில்லன்னு அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காம அடுத்த செட் போட்டா அந்த செட்டும் அதே கதியாகும். அதனால முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்: கழட்டுன பழைய பேடைத் தூக்கிப் போட விடாதீங்க. என்ன கோளாறுன்னு அதுலயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிஞ்சா போதும். கீழ இருக்கற பாதி பதில் அதைப் படிக்கறது எப்படிங்கறதுதான்.

எத்தனை கிலோமீட்டர்ல தேஞ்சா "சீக்கிரம்"னு எடுத்துக்கறது?

இவ்வளவுதான்னு ஒரே கணக்கு கிடையாது, ஹைவேல காலியா ஓடற வண்டியும் டவுனுக்குள்ள லோடோட நின்னு நின்னு போற வண்டியும் ஒண்ணு இல்ல. பொதுவா முன்பக்க பேட் 40,000 கிமீல இருந்து 80,000 வரைக்கும் கூட வரும், டிஸ்க் ரெண்டு செட் பேடையாவது தாங்கணும். 20,000 கூட தாண்டாம பேட் முடிஞ்சிருச்சுன்னா, இல்ல ஒவ்வொரு பேடோடயும் டிஸ்க்கையும் மாத்த வேண்டி வருதுன்னா, அப்ப தேட ஆரம்பிங்க. இன்னொரு அளவுகோல் இருக்கு, எனக்கு கிலோமீட்டரை விட அது மேலதான் நம்பிக்கை: நாலு வீலையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே ஆக்சில்ல இடது பக்கம் 7 மிமீ இருக்கு வலது பக்கம் 3 மிமீ இருக்குன்னா, வண்டி எவ்வளவு ஓடியிருந்தாலும் சரி, கோளாறு இருக்கு.

புது பேட்ல லைனிங் (டிஸ்க்ல உரசற பகுதி) மட்டும் 10ல இருந்து 12 மிமீ இருக்கும், பின்னாடி இருக்கற இரும்புத் தகட்டைச் சேர்க்காம சொல்றேன். 3 மிமீ வந்தா மாத்திடணும்.

கார்ல இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லையே, பிக்கப்ல மட்டும் ஏன்?

மூணு காரணம். வெயிட்டு, வெயிட்டு மாறிக்கிட்டே இருக்கறது, அப்புறம் நாம வண்டில பண்ற மாத்தங்க.

பிரேக் பண்றது ஒரே வேலைதான், வண்டியோட ஓட்டத்தைச் சூடாக்கிக் காத்துல விடறது. 3 டன் எடைல லோடோட 100 கிமீ வேகத்துல வர வண்டிய முழுசா நிறுத்தினா கிட்டத்தட்ட 1.15 மெகாஜூல் சூடு வரும், அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் வாங்கிக்கும். டிஸ்க் ஒண்ணு 10, 11 கிலோன்னு வச்சா ஒரே ஒரு தடவை நிறுத்தினதுக்கே 70 டிகிரிக்கு மேல சூடு ஏறும். வேகம் பாதியானா சூடு பாதி ஆகாது, கால் பங்காயிடும், ஏன்னா இது வேகத்தோட வர்க்கத்துல போற கணக்கு. அதனால 120ல ஓட்டி கடைசி நேரத்துல மிதிக்கறவரோட பேடும், 90ல ஓட்டி முன்கூட்டியே காலை எடுக்கறவரோட பேடும் ஒரே மாதிரி தேயவே தேயாது.

ரெண்டாவது, காலியா இருக்கும்போது பிக்கப்போட பின்பக்கம் ரொம்ப லேசு, பின் வீல் லாக் ஆகிடக்கூடாதுன்னு பின் பிரேக்கை குறைச்சு வச்சிருப்பாங்க, அந்த வேலையும் சேர்ந்து முன்னாடி பேட் தலைல விழுது. லோடு ஏறினா பின் பிரேக் கூடணும். இந்தக் கூட்டறது குறைக்கறது சரியா நடக்கலன்னா என்ன ஆகும்னு கீழ தனியா சொல்லியிருக்கேன், ஏன்னா பெரும்பாலானவங்க தொடாத இடம் அது. மூணாவதா சொன்ன மாத்தங்களும் கீழ வருது.

பழைய பேடைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

கழட்டும்போதே ஒவ்வொண்ணு பின்னாடியும் மார்க்கர்ல எழுதுங்க, இடது முன் உள்பக்கம், இடது முன் வெளிப்பக்கம்னு. அப்புறம் தரையில ஒரு துணி விரிச்சு வண்டில இருந்த அதே வரிசைல வைங்க. இப்ப பாருங்க.

உள்பக்க பேட் மட்டும் தேஞ்சு வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தா, காலிப்பர், அதாவது பேடை டிஸ்க் மேல அழுத்தற கவ்வி, நகரல. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருக்கற காலிப்பர்ல பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், அந்தத் தள்ளலோட எதிர்விசைல காலிப்பரே கைட் பின் மேல வழுக்கி வந்து வெளிப்பக்க பேடை இழுத்துப் பிடிக்கும். அந்த கைட் பின் துரு பிடிச்சு இறுகிட்டா உள்பக்க பேட் தனியா மாரடிக்கும். பிஸ்டன் திரும்பி உள்ள போகலன்னாலும் இதே மாதிரிதான் தெரியும், ரெண்டையும் செக் பண்ணணும்.

வெளிப்பக்கம் அதிகமா தேஞ்சிருந்தா, மிதிக்கும்போது காலிப்பர் நகருது, ஆனா விட்டதும் திரும்பி வரல. இதுவும் கைட் பின் பிரச்சினைதான்.

ஒரே பேட் ஒரு முனையில தடிமனாவும் இன்னொரு முனையில மெல்லிசாவும் ஆப்பு மாதிரி இருந்தா ரெண்டு கைட் பின்ல ஒண்ணு மட்டும் ஜாம், இல்லன்னா பேடோட காது காலிப்பர் பிராக்கெட்ல துருவுல மாட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது. லேசா ஒரு சாய்வு எல்லா பேட்லயும் இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம், கண்ணுக்குப் பளிச்சுனு தெரியற அளவு இருந்தாத்தான் கவலைப்படணும்.

ஒரு பக்க வீல்ல ரெண்டு பேடும் தேஞ்சு அடுத்த பக்கம் ரெண்டும் நல்லா இருக்கா? எல்லாரும் தேஞ்ச பக்கத்தைத்தான் பிரிப்பாங்க. தேயாத பக்கத்தையும் பாருங்க, ஏன்னா அந்தப் பக்கம் காலிப்பர் வேலையே செய்யாம இருந்து, அதோட பங்கையும் இந்தப் பக்கம் செஞ்சிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுத்தா இது கிட்டத்தட்ட உறுதி, நல்லா வேலை செய்யற பக்கம்தான் இழுக்கும்.

நாலு வீலும் சமமா சீக்கிரமா தேஞ்சிருந்தா காலிப்பரைத் தேடிப் பிரயோஜனம் இல்ல. பெடல்ல ஃப்ரீ ப்ளே (பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி சும்மா அமுங்கற கொஞ்ச தூரம்) இருக்கான்னு பாருங்க, பெடல் அழுத்தத்தைக் கடத்தற பூஸ்டர் புஷ்ராடு நீளமா செட் ஆகியிருந்தா, ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் முழுசா திரும்பாது, லைன்ல பிரஷர் நின்னு போயி வண்டி ஓட ஓட பிரேக் இறுகிக்கிட்டே வரும். அதுவும் சரியா இருந்தா ஓட்டறவர் கால் எங்க இருக்குன்னு பாருங்க, ஆட்டோமேட்டிக் வண்டில இடது காலை பெடல் மேலயே வச்சிருக்கறவங்க நிறைய, லேசா மிதிச்சிருக்கறது அவங்களுக்கே தெரியாது, பின்னாடி வர்ற வண்டிக்காரருக்குத்தான் தெரியும், பிரேக் லைட் அணையவே அணையாது.

பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாலோ, ஓரம் உதிர்ந்து வெடிச்சிருந்தாலோ அது சூடு. பேட் மேல துளித்துளியா டிஸ்க்கோட இரும்பு ஒட்டியிருந்தா, டிஸ்க்ல கோடு போட்டது அதுதான்.

கைட் பின் சரியா இருக்கான்னு வீட்லயே பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கணும். வண்டிய சமதளத்துல நிறுத்தி, வீலுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கில தூக்கினதும் கண்டிப்பா ஸ்டாண்டு வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பிக் கீழ கை விடாதீங்க. காலிப்பரைக் கழட்டி கம்பில கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. இப்ப பிராக்கெட்ல இருக்கற ரெண்டு பின்னையும் ரெண்டு விரலால பிடிச்சு உள்ள தள்ளி வெளிய இழுங்க. நல்ல பின்னா இருந்தா வழவழன்னு போகும், விட்டா உள்ள இருக்கற காத்து லேசா திருப்பித் தள்ளும். கையால முடியாம பிளேயர் தேடினீங்கன்னா அதுதான் குற்றவாளி. பின்னை முழுசா உருவிப் பாருங்க, கிரீஸ் காஞ்சு பழுப்பா பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், இல்லன்னா ரப்பர் பூட் கிழிஞ்சு தண்ணி போயி பின் மேல சின்னச் சின்னதா துருக்குழி விழுந்திருக்கும். குழி விழுந்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடி போடாதீங்க, புதுசு மாத்துங்க, பேட் விலையோட ஒப்பிட்டா பின் கிட் ரொம்ப சின்ன செலவு.

கிரீஸ் விஷயத்துல ஒரு கண்டிப்பு. பிரேக்குக்குன்னு இருக்கற சிலிக்கான் கிரீஸ்தான் போடணும். வீல் பேரிங் கிரீஸ் பெட்ரோலியம் சமாச்சாரம், ரப்பரை ஊத வச்சிடும், ஊதின ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும், அப்புறம் கிரீஸ் போட்டும் ஜாம் ஆகுதுன்னு குழம்பிக்கிட்டு இருப்போம். சில வண்டில ஒரு பின் முனையில ரப்பர் புஷ் இருக்கும், அந்தப் பின் மேலயா கீழயான்னு கழட்டும்போதே போட்டோ எடுத்து வச்சுக்குங்க, மாத்திப் போட்டா அதுவே ஒரு ஜாம் காரணம்.

கைட் பின் எல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனாலும் ஒரு வீல் மட்டும் கொதிக்குது. வேற என்ன?

கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டி, தானா உருண்டு நிக்கற மாதிரி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல ரெண்டு பக்க டிஸ்க்கையும் பாருங்க. ஒரு பக்கம் 50 டிகிரியும் அடுத்த பக்கம் 130ம் காட்டினா அந்த வீல்ல பைண்டிங் இருக்கு, அதாவது பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கு. வெறும் கையால டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீங்க.

அப்புறம் அந்த வீலைத் தூக்கி, பெடலை நல்லா மிதிச்சு விட்டுட்டு, கையால வீலைச் சுத்துங்க. சுத்தலையா? காலிப்பரோட பிளீடர் நிப்பிளை (ஏர் எடுக்கற சின்னத் திருகு) லேசா திறங்க. ஆயில் சீத்துனு வந்து வீல் உடனே ஃப்ரீ ஆகிட்டா பிரஷர் உள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்கு, பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்பக்கமா உப்பி அடைச்சிருக்கும், வெளிய பார்த்தா ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், இதுதான் ஆளை ஏமாத்தற இடம். மிதிக்கும்போது இருக்கற பிரஷர் ஆயிலைத் தள்ளிடும், திரும்பி வரும்போது அந்த பலம் இல்ல, அதனால ஒருவழிப் பாதை மாதிரி ஆயிடும். நிப்பிள் திறந்தும் ஃப்ரீ ஆகலன்னா பிஸ்டன் ஜாம். பிஸ்டனைப் பின்னாடி இழுக்கறதுக்கு ஸ்பிரிங் எதுவும் கிடையாது, சதுர வெட்டு ரப்பர் சீல் ஒண்ணு முறுக்கிக்கிட்டு திரும்பறதுலதான் அது நூலளவு பின்வாங்குது, பிஸ்டன்ல துரு ஏறிட்டா அந்த நூலளவும் போச்சு. செக் பண்ணி முடிச்சதும் நிப்பிளை இறுக்கி, ஏர் எடுத்து, ஆயில் லெவலைப் பார்த்துட்டுத்தான் வண்டிய எடுக்கணும்.

பின் வீல்னா ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்க, சேறு தண்ணில போற வண்டில கேபிள் உறைக்குள்ள துரு பிடிச்சு பாதியிலயே நின்னுடும்.

பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் ஆடுது, "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு"ங்கறாங்க. சூட்டுல டிஸ்க் வளையுமா?

பெரும்பாலும் வளையறது இல்ல. டிஸ்க்கோட தடிமன் சுத்திச் சுத்தி ஒரே மாதிரி இல்லாம போறதுதான் பிரச்சினை. வித்தியாசம் வெறும் 0.02 மிமீ வந்தாலே பெடல்லயும் ஸ்டியரிங்லயும் தெரிய ஆரம்பிச்சிடும், தலைமுடி தடிமன்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல அது. ரெண்டு வழில இது வருது. ஒண்ணு, சூடா இருக்கற பேடை அழுத்தி மிதிச்சபடியே வண்டிய நிறுத்தி வச்சிருந்தா பேட் சரக்கு டிஸ்க்ல ஒரே இடத்துல ஒட்டிக்கும். அந்த இடம் அதிகமா உரசி அதிகமா சூடாகி, 650, 700 டிகிரி வாக்குல வார்ப்பிரும்பே அங்க குணம் மாறி சிமென்டைட்ங்கற கெட்டிப் பொருளாயிடும், அதுக்கப்புறம் லேத்ல மேலோட்டமா கடைஞ்சாலும் அந்த மேடு திரும்பத் திரும்ப வரும். ரெண்டாவது, டிஸ்க் நேரா உக்காராம லேசா தள்ளாடிக்கிட்டே சுத்தறது. பிரேக் பிடிக்காதப்பவும் ஒவ்வொரு சுத்துலயும் டிஸ்க்கோட ஒரே இடம் பேடை உரசிக்கிட்டே போகும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்ல அந்த இடம் மட்டும் மெலிஞ்சிடும். அதனாலதான் புது டிஸ்க் போட்ட அன்னைக்கு வழவழன்னு இருந்தது, நாலஞ்சு மாசம் கழிச்சு ஆட ஆரம்பிக்குது.

தள்ளாட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹப் (டிஸ்க்கும் வீலும் மாட்டற நடுப் பாகம்) முகத்துல இருக்கற துரு. பழைய டிஸ்க்கை எடுத்துட்டு புதுசை அப்படியே மாட்டறாங்க, இடையில ஒரு துருத் துணுக்கு 0.05 மிமீ இருந்தாலே டிஸ்க் வெளிவிளிம்புல அது ரெண்டு மடங்கா தெரியும், பல வண்டிக்கு மொத்த அனுமதியே 0.05 மிமீ பக்கம்தான். கம்பி பிரஷ் போட்டு ஹப் முகம் முழுக்க, முக்கியமா வீல் நட்டு மாட்டற ஸ்டட் வேர்ல சுத்தி, பளிச்சுனு ஆகற வரைக்கும் தேய்ங்க. முடிஞ்சா டயல் கேஜ் (நூலளவு ஆட்டத்தையும் காட்டற கருவி) வச்சு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. வீல் பேரிங்ல ஆட்டம் இருந்தா இதையெல்லாம் பண்ணியும் பலன் இல்ல, முதல்ல பேரிங்.

வீல் நட்டு டைட் பண்றதுக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். டிஸ்க் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல சாண்ட்விச்சா உக்காந்திருக்கு, அதைப் பிடிச்சு வைக்கறதே வீல் நட்டுதான். இம்பாக்ட் கன் வச்சு ஒண்ணை அதிகமாவும் ஒண்ணைக் குறைவாவும் இறுக்கினா டிஸ்க் அந்தப் பக்கமா கோணிக்கும். எல்லா நட்டையும் கையால உக்கார வச்சு, எதிரெதிரா நட்சத்திர வரிசைல, டார்க் ரெஞ்ச்ல முடிங்க. எண் வண்டிக்கு வண்டி மாறும், உதாரணத்துக்கு 2015க்கு அப்புறம் வந்த ஃபோர்டு எஃப்-150க்கு 204 நியூட்டன் மீட்டர், செவர்லே சில்வராடோ 1500க்கு 190, உங்க வண்டிக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. பஞ்சர் ஒட்டற இடத்துல கன் போட்டு இறுக்கினாங்கன்னா வீட்டுக்கு வந்து லூஸ் பண்ணி நீங்களே மறுபடி டைட் பண்ணிக்குங்க.

முன்னாடி பேட் பறக்குது, பின்னாடி டிரம் ஷூ போட்டது போட்டபடியே இருக்கே?

ஷூ, அதாவது டிரம்முக்கு உள்ள இருந்து அழுத்தி உரசற கட்டை, நல்லா உழைக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க, அது வேலையே செய்யலன்னு அர்த்தமா இருக்கலாம். டிரம்ல ஷூ தேயத் தேய தானா இடைவெளிய சரி பண்ணற அட்ஜஸ்டர் இருக்கும், தூசியும் துருவும் ஏறி அது சுத்தாம நின்னுட்டா ஷூ டிரம்மைத் தொடறதுக்கே பெடல் பாதி போகணும். ஹேண்ட் பிரேக் லிவர் ரொம்ப மேல வருதா, அதுதான் அறிகுறி. டிரம்மைக் கழட்டி அட்ஜஸ்டர் மரையை சுத்தம் பண்ணி சுத்தவிட்டாலே முன் பேடோட ஆயுசு கூடும்.

அடுத்து எல்எஸ்பிவி, அதாவது லோடைப் பார்த்து பின் பிரேக் பிரஷரை மாத்தற வால்வு. சேஸிஸ்ல வால்வு இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு வரும். லோடு ஏறினா சேஸிஸ் கீழ இறங்கும், கம்பி அசையும், பின் பிரேக்குக்கு பிரஷர் கூடும். இப்ப யோசிங்க, நீங்க வண்டிய உசத்தற லிஃப்ட் கிட் போட்டீங்க, இல்ல லோடு தாங்கணும்னு ஒரு பட்டை ஸ்பிரிங் கூடுதலா போட்டீங்க. சேஸிஸ் எப்பவுமே உசரத்துலயே நிக்குது. ஒரு டன் ஏத்தினாலும் வால்வு "வண்டி காலி"ன்னே நினைக்கும், பின் பிரேக் குறைவாவே இருக்கும், மொத்த லோடையும் முன் பேட் நிறுத்தும். பேட் தேய்மானத்தை விட பெரிய ஆபத்து, லோடோட பிரேக் தூரமும் கூடிடும். ஸ்பிரிங் வேலை பண்ணினா அந்தக் கம்பியோட பிராக்கெட்டையும் அதுக்கேத்த மாதிரி செட் பண்ணச் சொல்லி நின்னு வாங்குங்க. கம்பி உடைஞ்சு தொங்கற வண்டிகளும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, குனிஞ்சு ஒரு தடவை பாருங்க. எலக்ட்ரானிக்கா பிரிச்சுக் கொடுக்கற புது வண்டிகள்ல இந்த வால்வு இருக்காது.

எனக்கு உல்டா, பின்னாடி பேட்தான் முதல்ல போகுது.

நாலு வீலும் டிஸ்க் இருக்கற புது வண்டிகள்ல இது சகஜம். லேசா பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தாம இருக்கணும்னு எலக்ட்ரானிக்ஸ் பின் பிரேக்குக்கு அதிக பங்கு கொடுக்கும், சேத்துல ஒரு வீல் சுழன்றா டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்த வீலோட பிரேக்கைத்தான் பிடிக்கும், முன்னாடி போற வண்டியைப் பார்த்து தானா வேகத்தை மாத்தற அடாப்டிவ் க்ரூஸும் பிரேக்கைத் தொட்டுக்கிட்டே வரும். பின் பேட் அளவுலயும் சின்னது. இது பழுது இல்ல, ஆனா இடது வலது சமமா தேயணும், அது மாறினா மட்டும் பழுது.

பெரிய டயர் போட்டா பிரேக் தேயுமா?

தேயும். 31 இன்ச் டயரை எடுத்துட்டு 35 போட்டா, அதே அளவுக்கு வண்டிய நிறுத்த பிரேக் 13 சதவீதம் அதிகமா பிடிக்கணும், ஏன்னா டயரோட ஆரம் கூடினா டிஸ்க்குக்கு எதிரா தரையோட பிடி நீளமாகுது. கூடவே டயரோட வெயிட்டும் கூடும், சுத்தற வெயிட்டை நிறுத்தறது தனி வேலை. லிஃப்ட்டும் பெரிய டயரும் போடறவங்க பிரேக்குக்கும் கொஞ்சம் பட்ஜெட் ஒதுக்குங்க, தயவுசெஞ்சு.

டிரெய்லர் இழுக்கறேன், மலைப்பாதைல இறங்கறேன். என்ன பண்ணலாம்?

3 டன் வண்டி 300 மீட்டர் உயரத்தை பிரேக்லயே இறங்கினா, 100 கிமீ வேகத்துல இருந்து ஏழெட்டு தடவை முழுசா நிறுத்தின சூடு டிஸ்க்குக்குப் போகுது, அதுவும் ஆற நேரம் கிடைக்காம. அதனால இறங்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க, ஆட்டோமேட்டிக்னா டோ ஹால் மோட் (டிரெய்லர், லோடுக்கான கியர் செட்டிங்) போடுங்க, இன்ஜின் பிடிச்சுக்கட்டும். பிரேக்கை லேசா மிதிச்சபடியே வராதீங்க, வேகம் கூடினா நல்லா அழுத்திக் குறைச்சிட்டு விட்டுடுங்க, ஆறட்டும், மறுபடி அழுத்துங்க. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழிய அடைச்சு இன்ஜினால வேகத்தைக் குறைக்கறது) இருக்கற டீசல் வண்டின்னா அதை ஆன் பண்ணியே இறங்குங்க, அதுக்குத்தான் கொடுத்திருக்காங்க.

டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் இருந்தா கன்ட்ரோலர் கெயின், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணுங்கற அளவு, சரியா வைங்க. காய்ஞ்ச சமமான ரோட்ல 40 கிமீ வேகத்துல கன்ட்ரோலர் லிவரை மட்டும் கையால இழுங்க, டிரெய்லர் வீல் லாக் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கற மாதிரி கெயினை ஏத்திக்கிட்டே வாங்க. லோடு மாறினா மறுபடி செட் பண்ணணும். கெயின் குறைவா இருந்தா டிரெய்லரோட வெயிட்டையும் உங்க பிக்கப் பேட்தான் நிறுத்திக்கிட்டு இருக்கு.

எந்த பேட் வாங்கறது? செராமிக்கா, செமி மெட்டாலிக்கா?

லோடும் டிரெய்லரும்னா செமி மெட்டாலிக், சூடு தாங்கும், தூசியும் கொஞ்சம் சத்தமும் இருக்கும். காலியா டவுன்ல ஓட்டறவருக்கு செராமிக் நல்லது, சத்தம் கம்மி, டிஸ்க்கையும் மென்மையா நடத்தும். ரொம்ப மலிவான ஆர்கானிக் பேடை லோடு வண்டிக்குப் போடவே போடாதீங்க, சூட்டுல கண்ணாடி மாதிரி கிளேஸ் ஆகி, பிடிக்காம, இன்னும் அழுத்தி மிதிச்சு, இன்னும் சூடாகி, அது ஒரு சுழல்.

நிறைய பேடோட ஓரத்துல நீளமா ஒரு கோட் அச்சடிச்சிருக்கும், கடைசில ரெண்டு ஆங்கில எழுத்து வரும், இஇ, எஃப்எஃப், ஜிஜி மாதிரி. முதல் எழுத்து சாதாரண சூட்ல பிடிமானம், ரெண்டாவது அதிக சூட்ல. இ ன்னா உராய்வுக் குணகம் 0.25ல இருந்து 0.35, எஃப் ன்னா 0.35ல இருந்து 0.45, ஜி ன்னா 0.45ல இருந்து 0.55. ரெண்டாவது எழுத்து முதல் எழுத்தை விடக் குறைஞ்ச பேடை லோடு வண்டிக்கு நான் எடுக்க மாட்டேன். ஆனா இந்த எழுத்து பிடிமானத்தை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நாள் உழைக்கும்னு சொல்லாது.

துளை போட்ட டிஸ்க் போட்டா சூடு குறையுமாமே?

லோடு வண்டிக்கு வேண்டாம். துளை ஓரத்துல இருந்து விரிசல் விடும். கோடு வெட்டின ஸ்லாட்டட் டிஸ்க் சேறு தூசிய வழிச்சு விடும், பரவாயில்ல, பேட் கொஞ்சம் அதிகம் தேயும். நல்ல தரமான சாதா வென்டிலேட்டட் டிஸ்க் போதும்.

பேட் மட்டும் மாத்தலாமா, டிஸ்க்கையும் கடையணுமா?

டிஸ்க் ஓரத்துலயோ நடுத் தொப்பிலயோ குறைஞ்சபட்ச தடிமன் எத்தனைன்னு பொறிச்சிருக்கும். மைக்ரோமீட்டர்ல அளங்க, வெர்னியர் வச்சா ஓரத்துல நிக்கற துரு வரப்பையும் சேர்த்து அளந்து ஏமாத்தும். விளிம்புல இருந்து ஒரு 10, 15 மிமீ உள்ள தள்ளி, சுத்தி எட்டு இடத்துல அளங்க. அளவு நல்லா இருந்து, பள்ளம் இல்லாம, ஆட்டமும் இல்லன்னா டிஸ்க்கை அப்படியே விட்டு பேட் மட்டும் போடலாம். கடைஞ்சா அந்தக் குறைஞ்சபட்சத்துக்கு மேல தேயறதுக்கும் இடம் மிச்சம் இருக்கணும், சரியா அந்த எண்ல கொண்டு வந்து நிறுத்தினா அடுத்த மாசமே அது கழிவு. மெலிஞ்ச டிஸ்க் சூட்டை வாங்கிக்கற அளவும் குறையுது, அதனால பேடையும் சேர்த்துத் தின்னும்.

புது பேட் போட்டதும் ஏதாவது பண்ணணுமா?

பெட்டிங் பண்ணணும், பலர் விட்டுடற விஷயம். பேட் வந்த அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கற முறை இருந்தா அதுதான் முதல். இல்லன்னா முதல்ல நின்ன இடத்துலயே பெடலை பம்ப் பண்ணி கெட்டியாக்கிக்குங்க. காலி ரோட்ல 50, 60 கிமீ வேகத்துல இருந்து மிதமா அழுத்தி 10க்குக் கொண்டு வாங்க, முழுசா நிறுத்தாதீங்க, அரை நிமிஷம் ஓட்டி ஆற விடுங்க, இப்படி எட்டு பத்து தடவை. அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கை முடிஞ்ச வரை தொடாம ஓட்டி ஆத்துங்க. பேட் சரக்கு டிஸ்க் மேல ஒரு மெல்லிய படலமா சமமா ஏறணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

பிரேக் ஆயிலுக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பிரேக் ஆயில் காத்துல இருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதுசுல குறைஞ்சது 205 டிகிரிலதான் கொதிக்கணும், ஈரம் ஏறினதும் அது 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு 230, 155. அந்த ஈரம் பிஸ்டனையும் உள்ளேயே துரு பிடிக்க வைக்கும், அதுதான் பைண்டிங்கோட ஆரம்பம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டு தவறி ஊத்தினாலும் எல்லா ரப்பரும் ஊதிடும். ரிசர்வாயர் மூடிக்குள்ள இருக்கற ரப்பரைப் பாருங்க, அது நெளிஞ்சு ஊதி மூடில உக்காராம இருந்தா வேற ஆயில் கலந்திருக்கு, சிஸ்டம் முழுக்க ரப்பர் பாகங்களை மாத்தணும், குறுக்கு வழி இல்ல.

லெவல் குறைஞ்சிருக்கேன்னு உடனே ஊத்தாதீங்க, பேட் தேஞ்சாலே லெவல் இறங்கும். முதல்ல பேடைப் பாருங்க, லீக் இருக்கான்னு பாருங்க.

சேறு, மணல்ல போயிட்டு வந்தா?

தண்ணிய நல்லா அடிச்சு டிஸ்க், காலிப்பர், உள்பக்கத் தகடு எல்லாம் கழுவுங்க, அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டி லேசா பிரேக் பிடிச்சு காய வைங்க. ஈரத்தோட ரொம்ப நாள் நிறுத்தினா பேட் டிஸ்க்ல ஒட்டிக்கும். உள்ள ஒரு சின்னக் கல் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல மாட்டினா அது போடற சத்தம் பயமா இருக்கும், ரிவர்ஸ்ல கொஞ்சம் போனா சில நேரம் விழுந்துடும்.

எந்த நிலைமைல வண்டிய எடுக்கவே கூடாது?

கீச்சுங்கற சத்தம் பேட்ல இருக்கற எச்சரிக்கைத் தகடு, இன்னும் 2, 3 மிமீ இருக்குன்னு அர்த்தம், ஒரு வாரத்துக்குள்ள வேலைய முடிங்க. கரகரன்னு இரும்போட இரும்பு உரசற சத்தம் வந்தா அதே இடத்துல நிறுத்துங்க, லைனிங் முடிஞ்சு தகடு டிஸ்க்கைக் கடையுது, அதுக்கு மேல ஓட்டினா பிஸ்டன் வெளிய நீண்டு ஆயில் கொட்டக்கூட வாய்ப்பிருக்கு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலும், மிதிச்சு வச்சிருக்கும்போது மெல்லக் கீழ இறங்கினாலும், ஒரு வீல்ல இருந்து புகை வந்தாலும், டிஸ்க்ல வெளிவிளிம்பு வரைக்கும் ஓடின விரிசல் தெரிஞ்சாலும் டோ பண்ணித்தான் கொண்டு போகணும். புகை வர்ற வீல் மேல தண்ணி ஊத்தாதீங்க, கொதிக்கற சூட்டுல இருக்கற வார்ப்பிரும்பு விரிசல் விடும். தள்ளி நின்னு தானா ஆற விடுங்க, ஹேண்ட் பிரேக் போடாம வீலுக்குக் கட்டை மட்டும் கொடுங்க.